கெமிஸ்ட்ரி படிச்சா கடனாளியா? கணக்குப் போட்டுட்டுப் பேசுங்க

கொஞ்சம் நீளமான பதிவு. முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானம் பரிமாறிக்கிட்டு இருந்தேன். எஸ்.பி.எம் முடிச்ச மகளோட ஒரு அக்கா வந்திருந்தாங்க. பிள்ளைக்கு கெமிஸ்ட்ரி படிக்க ஆசை. பந்தியில இருந்த பெரியவங்க விடல. "சயன்ஸ் படிச்சா என்னம்மா சம்பளம் வரும்? பி.டி.பி.டி.என் கடனைக் கட்டவே ஆயுசு போயிடும்." பிள்ளை தலையைக் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அதே பந்தியில ஒரு அங்கிள், மகனுக்குப் புது காடி எடுத்ததைச் சொன்னாரு. 9 வருஷக் கடன். எல்லாரும் வாழ்த்தினாங்க.

வருஷா வருஷம் விலை இறங்குற காடிக்குக் கடன் வாங்கினா பெருமை, படிப்புக்கு வாங்கினா பயமா?

சரி, கணக்குக்கு வருவோம். படிவம் 6 அரசாங்கப் பள்ளியிலேயே படிக்கலாம், செலவு ரொம்பக் குறைவு. எஸ்.டி.பி.எம் நல்லா எழுதி யு.பி.யு வழியா அரசாங்கப் பல்கலைக்கழகம் போற பிள்ளை, மொத்தம் 20,000 வெள்ளி கடன் வாங்குதுன்னு வச்சுக்குவோம். பி.டி.பி.டி.என் சேவைக் கட்டணம் வருஷத்துக்கு 1%. 10 வருஷத்துல கட்டினா மொத்தம் 22,000. மாசம் சுமார் 183 வெள்ளி.

சம்பளம்? பொய் சொல்ல மாட்டேன். வெறும் சயன்ஸ் டிகிரிக்கு ஆரம்பச் சம்பளம் பெருசா இருக்காது. செம்பனை ஆலை, கையுறை ஆலை, உணவுத் தொழிற்சாலை, தண்ணீர் பரிசோதனைக் கூடம், இங்கெல்லாம் லேப் வேலைக்கு 2,500ன்னு வைங்க. இ.பி.எஃப் 11%, அதாவது 275 போயிடும். ரூம் வாடகை 450, சாப்பாடும் மோட்டார் எண்ணெயும் 900, கடன் 183. இன்னும் 690 வெள்ளி கிட்ட மிஞ்சும். இறுக்கம்தான். ஆனா ஆயுசு போற கடன் இல்ல.

இப்போ அதே கெமிஸ்ட்ரி, வேற வழி. படிவம் 6 கஷ்டம்னு சொல்லி தனியார் கல்லூரியில சேர்த்து விடுறோம். கடன் 60,000. 20 வருஷத்துல கட்டினா மொத்தம் 72,000, மாசம் 300. அது மட்டுமா? கடன் பத்தாத இடத்துக்கு அம்மாவோட தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகுது. சில வீட்டுல ஆலோங் வரைக்கும் போகுது. லேப்ல குடுக்கிற சம்பளம் அதே 2,500தான்.

பிள்ளையைக் கடனாளி ஆக்கினது கெமிஸ்ட்ரியா, நாம காட்டின வழியா? தனியார் எல்லாமே மோசம்னு சொல்லல. நான் சொல்ற அளவுகோல் ஒண்ணுதான்: மொத்தக் கடன், அந்தப் படிப்புக்குக் கிடைக்கக்கூடிய முதல் வருஷச் சம்பளத்தைத் தாண்டுச்சுன்னா கையெழுத்துப் போடாதீங்க. 2,500 சம்பளம்னா வருஷத்துக்கு 30,000. அதுதான் எல்லைக்கோடு.

"முதல் வகுப்பு எடுத்தா கடன் கட்ட வேணாமே"ன்னு சிலர் சொல்வாங்க. சலுகை இருக்கு, நிபந்தனையும் இருக்கு. கிடைச்சா ஆண்டவன் அருள். அதை நம்பி 60,000 எழுதாதீங்க. "கட்டாம விட்டா என்ன பண்ணிடுவாங்க"ன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்கடன் கேட்டு பேங்குக்குப் போற அன்னைக்கு சி.சி.ஆர்.ஐ.எஸ் பதிவு பதில் சொல்லும். நாம கட்டுற காசுதான் அடுத்த பிள்ளைக்குக் கடனா போகுது. அதை ஏமாத்திட்டு உண்டியல்ல 50 வெள்ளி போட்டா கணக்கு நேராகிடுமா?

கெமிஸ்ட்ரி படிச்சவங்க லேப்லயே நிக்கணும்னு இல்ல. 1975 இரசாயனவியலாளர் சட்டத்தின் கீழ் பதிவு பண்ணிக்கலாம். ஆசிரியர் பயிற்சி முடிச்சுப் பள்ளிக்குப் போகலாம். பாயான் லெப்பாஸ், கூலிம் சிப் தொழிற்சாலைகளுக்கும் இயற்பியல், வேதியியல் தெரிஞ்ச ஆளுங்க வேணும். சம்பளம் மெதுவா ஏறும். கடன் சின்னதா இருந்தாதான் அது வரைக்கும் பொறுமையா நிக்க முடியும்.

கடைசியா நம்ம கோயில் நிர்வாகத்துக்கு. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தை அம்மன் பாதத்துல வைக்கச் சொல்றோம். பூஜை முடிஞ்ச மறுவாரமே கல்லூரி ஏஜெண்டுக்கு மண்டபத்தை வாடகைக்குக் குடுக்கிறோம். அவன் குடையும் பையும் குடுத்து, பெத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போறான். அந்த வாடகைக் காசு எனக்கு உறுத்துது. இந்த வருஷம் அதை நிறுத்துங்க. அதே மண்டபத்துல ஒரு மேசை போடுங்க. யு.பி.யு நிரப்பத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர், கடன் கணக்குப் போட ஒருத்தர் போதும். முதல் ஆளா நான் உட்காருறேன். படிவம் 6 போற பிள்ளைங்களுக்குப் பஸ் காசும் புத்தகக் காசும் கல்வி நிதியில இருந்து குடுப்போம். திருவிழா வாணவேடிக்கையில பாதி குறைஞ்சா அம்மன் கோவிச்சுக்க மாட்டா.

அந்த அக்கா இதைப் படிச்சா, வர்ற வெள்ளிக்கிழமை மகளைக் கூட்டிட்டு வாங்க. ரிசல்ட்டையும் கொண்டு வாங்க. உட்கார்ந்து பேசுவோம்.

கோவத்துல தப்பா ஏதும் பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. கணக்குல தப்பு இருந்தா கீழே சொல்லுங்க, திருத்திக்கிறேன்.

ஓம் சக்தி.