களிமண் கேள்வி கேட்கும்

போன பங்குனியில் பாளையங்கோட்டையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டிக்கொண்டு போனவன் என் சித்தி மகன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல், ஆறு மாதமாக 'சீர்திருத்த சத்தியம்' பேசுகிற ஒரு குழுவோடு சுற்றிக்கொண்டிருக்கிறான். மேடையில் பேசியவருக்கு என் வயதுதான் இருக்கும். நன்றாகவே பேசினார். உலகம் உண்டாவதற்கு முன்னாலேயே இன்னின்னாரை இரட்சிப்பது என்று கடவுள் முன்குறித்துவிட்டார், மற்றவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட்டார், இதில் மனிதனுடைய தகுதிக்கோ முயற்சிக்கோ வேலை இல்லை. செய்தி இவ்வளவுதான். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, "விடப்பட்டவன் அப்படி என்ன செய்தான்?" என்றேன். அவர் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்துக்குப் போனார். குயவன், களிமண், கனத்துக்கு ஒரு பாத்திரம், கனவீனத்துக்கு ஒரு பாத்திரம். கடைசியில் என்னைப் பார்த்து, "அண்ணே, குயவனப் பாத்து களிமண்ணு கேள்வி கேக்கப்படாதுண்ணே" என்றார்.

கூட்டம் சிரித்தது. சித்தி மகனும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தப் பதிலை நான் பத்து வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

1999. அந்த வருடத்தைத் தாமிரபரணிக் கரைக்காரர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். ஜூலை 23ஆம் தேதி மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போன சனத்தைக் கொக்கிரகுளத்தில் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. எங்கள் தெருவிலிருந்தும் ஊர்வலத்துக்கு ஆள் போயிருந்தது. ஒரு மாதத்துக்கு யாரும் ஆற்றில் குளிக்கப் போகவில்லை. அதே வருடம் ஐப்பசியில் என் அத்தைக்குப் பிறந்த பிள்ளை ஒன்பதாம் நாள் செத்துப்போனது. ஞானஸ்நானம் கொடுத்திருக்கவில்லை. எங்கள் தெருக் கோயிலுக்கு ஐயர் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். (வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: திருநெல்வேலிச் சீமையில் புரோட்டஸ்டன்ட் பாதிரியாருக்கு 'ஐயர்' என்றுதான் பேர். பறையனும் பள்ளனும் சாணானும் மதம் மாறிப்போய் வந்து சேர்ந்த இடம் ஐயர் வீடு. இதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

ஆள் அனுப்பி ஐயர் வந்தார். வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை, முற்றத்தில் நின்றார். ஆச்சி கேட்டாள்: "ஐயரே, புள்ள இப்ப எங்க இருக்கும்?" அவர் சொன்னார்: "அது ஆண்டவர் சித்தம். அவர் யாரத் தெரிஞ்சுகிட்டாருன்னு நமக்கென்ன தெரியும்? நீ ஜெபம் பண்ணு." அவருக்கு என் அப்பாவைவிட வயது குறைவு. எழுபது வயதுக்காரியைப் பார்த்து 'நீ'. ஞானஸ்நானம் இல்லாததால் அடக்க ஆராதனையும் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடமும் கிடையாது என்றார். அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த சட்டம் இல்லை அது. ஞானஸ்நானம் பெறாமல் செத்தவருக்கு இந்த ஆராதனை ஆகாது என்று 1662ஆம் வருடத்து ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. பிற்பாடு தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஆற்றுப் புறம்போக்கில் குழி தோண்டிப் புதைத்தோம்.

இரண்டு மாதம் கழித்துக் கிறிஸ்துமஸ் நெருக்கத்தில், தாய்க் கோயில் இருக்கிற ஊரில், கோயிலுக்கு இடம் கொடுத்த குடும்பத்தில் ஒரு பிள்ளை செத்தது. பதினோரு நாள் பிள்ளை. அதற்கும் ஞானஸ்நானம் ஆகியிருக்கவில்லை. மணி அடித்தார்கள். அதே ஐயர் அங்கி போட்டு நின்று, விசுவாசிகளின் பிள்ளை உடன்படிக்கையின் பிள்ளை, அதன் இரட்சிப்பைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம் என்று பிரசங்கம் பண்ணினார். நாங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்று கேட்டோம். ஆச்சி தேம்பவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், கன்னடியன் கால்வாய்க் கரையில் நின்று ஒன்று சொன்னாள்: "நாத்து முடிய அவுத்தா எல்லாத்தையும்தானல நடுதோம். இது வெளையும் இது வெளையாதுன்னு பாத்தா நடுதோம்?"

எம்.ஏ. தமிழ் படித்தவனுக்குக் கால்வினோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆச்சி கேட்ட கேள்விக்காகத்தான் படித்தேன். படித்தபோது எனக்கே ஆச்சரியம். ஜான் கால்வின் 1559இல் தன் பெரிய நூலின் கடைசிப் பதிப்பில் முன்குறித்தலைப் பற்றி எழுதும்போது, அந்தத் தீர்மானம் நடுக்கம் தருவதுதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவர் அடிப்படையாக வைத்தது என்ன? மனிதனிடம் இருக்கிற எதையும் பார்த்துக் கடவுள் தெரிந்துகொள்வதில்லை. வம்சம், செயல், புத்தி, பக்தி, ஒன்றும் கணக்கில் இல்லை. கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். இதை அப்படியே நம்பினால் சாதி நிற்குமா? பிறப்பினால் வருகிற மேன்மை என்ற பேச்சுக்கே அங்கே இடம் கிடையாது. பிறப்பின் மேல் கட்டின பார்ப்பனியத்துக்கு எதிராக ஐரோப்பாவில் யாரோ வைத்துவிட்டுப் போன வெடிகுண்டு என்றே நினைத்தேன்.

வெடி ஏன் வெடிக்கவில்லை?

நெதர்லாந்தில் டோர்ட் என்று ஒரு நகரம். 1618 நவம்பர் முதல் 1619 மே வரை அங்கே ஒரு சினாட் கூடியது. இன்றைக்கு எங்கள் ஊர் மேடைகளில் ஒப்பிக்கப்படுகிற ஐந்து கொள்கைகளும் அந்தச் சினாட்டின் தீர்மானங்களிலிருந்து வந்தவை. அந்தத் தீர்மானங்களில் ஒன்று, பாலகப் பருவத்தில் சாகிற விசுவாசிகளின் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் சந்தேகப்பட வேண்டாம், அவர்கள் உடன்படிக்கையால் பரிசுத்தர் என்கிறது. ஐயர் பெரிய வீட்டுக் கல்லறையில் பிரசங்கித்தது இதைத்தான். அதே சினாட்டில், 1618 டிசம்பரில், இன்னொரு கேள்வியும் வந்தது. கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கேள்வி. கிறிஸ்தவ எஜமானின் வீட்டில் அஞ்ஞானிகளுக்குப் பிறந்த அடிமைக் குழந்தை வளர்கிறது, அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா? பல நாட்டு வேதபண்டிதர்கள் உட்கார்ந்து வாதம் பண்ணினார்கள். கொடுக்கலாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பெரும்பான்மை, கூடாது என்றது. வளர்ந்து புத்தி தெளிந்து வேதம் கற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே கூரை, ஒரே தொட்டில் வயது. எஜமானின் பிள்ளை உள்ளே, அடிமையின் பிள்ளை வெளியே. பிறப்பு கணக்கில் இல்லை என்று முன்வாசலில் எழுதிப் போட்டவர்கள், பின்வாசல் வழியாகப் பிறப்பை உள்ளே அழைத்துக்கொண்டார்கள். என் வாதம் முழுவதும் இந்தப் பின்வாசலைப் பற்றியதுதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற அடிமைக்கு மற்றக் கிறிஸ்தவர்களைப் போல விடுதலையின் உரிமை உண்டு, அவனைப் பிறருக்கு விற்கக் கூடாது என்ற ஆலோசனையும் அங்கேயே எழுந்தது. விளைவு என்ன? தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 1770இல் ஞானஸ்நானம் பெற்ற அடிமையை விற்கக் கூடாது என்று டச்சுக் கம்பெனி விதி வைத்தது. எஜமான்கள் அடிமைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். சரக்கின் விலை இறங்கிவிடும் அல்லவா?

எங்கேயோ நடந்த கதை என்று ஒதுக்க வேண்டாம். 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தவர்கள் இதே டச்சுக்காரர்கள். (1986 வரை தூத்துக்குடி திருநெல்வேலி மாவட்டம்தான்.) பால்டேயஸ் என்ற கால்வினியப் பாதிரியார் அங்கே வந்து, கத்தோலிக்கரான பரதவர்களைத் தங்கள் சபைக்குத் திருப்பப் பார்த்துத் தோற்றார். 1750இல் அவர்கள் கட்டிய கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. கோயிலைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு. டச்சுக் கம்பெனியின் அடிமை வியாபாரத்தை ஆராய்ந்த மார்க்கஸ் விங்க், 1673க்கும் 1677க்கும் இடையில் மதுரை நாட்டுக் கடற்கரையிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாக ஏற்றுமதி ஆனார்கள் என்கிறார். மழை பொய்த்த வருடங்கள் அவை. பஞ்சத்தில் முதலில் விற்கப்படுகிறவன் யார் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கப்பலின் மேல்தளத்தில் சங்கீதம் பாடினார்கள். விடப்பட்டவர்கள் அடித்தளத்தில்.

டச்சுக்காரர்கள் போனார்கள், இங்கிலீஷ்காரர்கள் வந்தார்கள். திருநெல்வேலியில் சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்று இரண்டு சங்கங்கள், இரண்டும் ஆங்கிலிக்கன். அவர்களுடைய 39 விதிகளில் 17ஆவது விதி முன்குறித்தலைப் பற்றியது. ஜீவனுக்கு முன்குறித்ததை மட்டும் பேசும். அழிவுக்கு விடப்பட்டவனைப் பற்றி வாய் திறக்காது. அந்த மௌனத்தை எங்கள் ஊர் நிரப்பிக்கொண்டது. முதலில் மாறிய குடும்பம், கோயில் கட்ட நிலம் கொடுத்த குடும்பம், மூன்று ஐயர்மாரைப் பெற்ற குடும்பம் என்று 'பரம்பரைக் கிறிஸ்தவர்' என்ற சாதி ஒன்று உண்டானது. அந்தச் சொல்லையே பாருங்கள். கிருபை பரம்பரையாக வருமா? வந்தால் அது கிருபையா, பட்டா நிலமா? தெரிந்துகொள்ளப்பட்டதற்கு அடையாளத்தைத் தேடி ஐரோப்பியக் கால்வினியர்கள் தொழிலிலும் பணத்திலும் போய் நின்றார்கள் என்று மாக்ஸ் வெபர் எழுதினார். இங்கே அந்த அடையாளம் பள்ளிக்கூட வேலையாகவும் சேகரத்துப் பதவியாகவும் ஆனது. வேலை கிடைத்தவன் தெரிந்துகொள்ளப்பட்டவன். எங்கள் தெரு, கனவீனமான பாத்திரம். நேற்றுவரை கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட நாடார் சகோதரர்கள் இதைச் செய்ததுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

சுவர் கட்டக் கால்வின் தேவையா என்று ஒரு தோழர் கேட்டார். தேவையில்லைதான். வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர்கள் 1872இல் கால்சட்டை மாதிரி இரண்டு கிளையாகக் கோயில் கட்டி, வெள்ளாளருக்கு ஒரு கால், நாடாருக்கு ஒரு கால் என்று பிரித்தார்கள். 1910இல்தான் நடுச்சுவரை இடித்தார்கள். கால்வின் அந்தப் பக்கமே வந்ததில்லை. ஆனால் சுவரைக் கண்ணால் பார்க்க முடிகிறது, கடப்பாரை போட முடிகிறது. அனாதித் தீர்மானத்தின் மேல் எந்தக் கடப்பாரையைப் போடுவது? தலையெழுத்து, முன்வினை, கர்மம் என்று சொன்னவனிடமிருந்து ஓடி வந்தவர்களிடம், அதே மூட்டையை வேறு துணியில் கட்டிக் கொடுக்கிறார்கள். அரசாங்கத்துக்கும் ஒரு தெரிந்துகொள்ளுதல் இருக்கிறது. 1950ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துவை மட்டும் பட்டியலில் சேர்த்தது, 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டது, கிறிஸ்தவத் தலித்தை விட்டுவிட்டது. கோயிலிலும் விடப்பட்டவன், தாலுகா ஆபீசிலும் விடப்பட்டவன்.

1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது கால்வின் வழி வந்தவர்களும், முன்குறித்தலைக் காட்டமாக எதிர்த்த வெஸ்லியின் வழி வந்தவர்களும் ஒரே சபையானார்கள். நல்லது. கடவுள் யாரைத் தெரிந்துகொண்டார் என்ற சண்டையை ஒதுக்கிவைக்க முடிந்தவர்களுக்கு, யாரை எங்கே புதைப்பது என்ற சண்டையை மட்டும் இன்னும் ஒதுக்கிவைக்க முடியவில்லை.

அப்படியானால் இந்தக் கொள்கையைத் தூக்கி ஆற்றில் போடலாமா? நம் தோழர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு அவசரமில்லை. தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே டச்சு சீர்திருத்த சபை, 1857இல் சிலருடைய 'பலவீனத்தை' முன்னிட்டு வெள்ளையருக்கும் மற்றவருக்கும் தனித்தனியாக ஆராதனை நடத்தலாம் என்றது. (பலவீனம் வெள்ளைக்காரனுக்கு, தண்டனை கறுப்பனுக்கு.) 1881இல் நிறத்தவருக்கென்று தனிச் சபையே வைத்தது. இனஒதுக்கலுக்கு வேத ஆதாரம் கொடுத்தது அந்தச் சபைதான். ஆனால் அந்த ஒதுக்கப்பட்ட சபையிலிருந்துதான் ஆலன் பூசக் போன்றவர்கள் எழுந்தார்கள். அவர்களும் கால்வினியர்கள்தான். 1982இல் உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு இனஒதுக்கலை வேதப்புரட்டு என்று அறிவித்தது. அதே வருடம் அவர்கள் எழுதிய பெல்ஹார் அறிக்கையை 1986இல் தங்கள் விசுவாசப் பிரமாணமாகவே ஏற்றுக்கொண்டார்கள். முன்வாசலில் எழுதியிருந்ததை எடுத்துப் பின்வாசலை அடைத்தார்கள். பிறப்பு செல்லாது என்றால் எங்கேயும் செல்லாது. நம்முடைய பரட்டை அண்ணன், அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, ஒரே உலையில் பொங்கித் தின்பதைத் திருவிருந்தோடு சேர்த்துப் பேசியதும் வேறு வழியில் இதே காரியம்தான்.

இப்போது அந்த 1999ஐ மறுபடி பாருங்கள். என் அத்தை ஞானஸ்நானம் பெற்றவள், திடப்படுத்தல் எடுத்தவள், ஞாயிறு தவறாதவள். ஐயர் நம்பிய கொள்கைப்படியே பார்த்தாலும் அவள் பிள்ளை 'விசுவாசியின் பிள்ளை'தானே? பெரிய வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன ஆறுதலை இவளுக்குச் சொல்ல எந்த வேதம் தடுத்தது? கடவுளின் இரகசியத் தீர்மானம் குறுக்கே நிற்கவில்லை. அத்தையை விசுவாசி என்ற கணக்கில் அவர் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். தெரியாது என்று கடவுளின் பேரில் சொன்னதெல்லாம் தெருவின் பேரில் சொன்னது.

கூட்டம் முடிந்து ஒரு வாரம் கழித்துச் சித்தி மகனைக் காருக்குறிச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மண்பாண்டம் வனைகிற ஊர். சக்கரத்தில் இருந்த பெரியவரிடம், "ஒடைக்கிறதுக்குன்னே பானை செய்வியளா?" என்று கேட்டேன். எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கிறுக்கா பிடிச்சிருக்கு? வாய் கோணினா மண்ணத் திரும்பப் பெசைவேன்" என்றார். சித்தி மகன் அன்றைக்குச் சிரிக்கவில்லை. இன்னும் அந்தக் கூட்டத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து என்னோடு சண்டை போடுகிறான்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் பிள்ளையைப் புதைத்த ஆற்றுக்கரை அரித்துப் போய்விட்டது. அதன் பிறகு அத்தைக்கு ஒரே பிடிவாதம், பிள்ளை பேரைச் சேகரத்து அடக்கப் பதிவேட்டில் எழுத வேண்டும். நானும் அவளுமாகப் போய் இப்போதைய ஐயரைப் பார்த்தோம். நல்ல மனுஷன், நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். நோட்டைப் புரட்டி, "ஞானஸ்நானம் ஆகாத பேர எந்தக் கட்டத்துலம்மா எழுதுறது?" என்றார். மேலிடத்தில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இந்தக் கட்டுரையிலாவது அந்தப் பேரை எழுதட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன்.

"ஏல, ஒன் பொஸ்தகத்துல எழுதாண்டாம். அவுக நோட்டுல எழுதட்டும்."