எங்கள் வீட்டு மரியோவின் தாளம்

சித்தூரில் அக்கா வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது, பித்தளை அண்டாவுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே ஒரு பிஸ்கட் டின் அகப்பட்டது. உள்ளே ஏழு வீடியோ கேம் கேசட்டுகள். பக்கத்திலேயே, துணி சுற்றி வைத்த அந்தப் பழைய பெட்டி. கார்ட்ரிட்ஜ் என்பதை நாம் கேசட் என்றே சொன்னோம். உள்ளே நாடா கிடையாது, ஒரு சர்க்யூட் அட்டைதான். ஆனால் செருகினால் பாடுவது எதுவாயினும் அந்தக் காலத்தில் நமக்கு அது கேசட்தான்.

1994-ல் அப்பா சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிவந்த பெட்டி அது. அக்காவுக்குப் பதினைந்து வயது, எனக்குப் பன்னிரண்டு. மரியோவில் அவள் எட்டாவது உலகம் வரை போவாள். நான் பள்ளத்தில் விழுவேன். இப்போது பெட்டிக்கு உயிரில்லை. திருப்பதியில் எஞ்சினியரிங் படிக்கும் அக்கா மகன், “பெட்டி போனா என்ன மாமா? கேசட் இருக்கில்ல. அடுத்த வாரம் வரும்போது ஒண்ணு கொண்டுவரேன்” என்றான்.

அவன் கொண்டுவந்தது ஏ.வி.எஸ். என்ற கருவி. 2016-ல் அமெரிக்காவில் வெளியானது. நண்பனின் அண்ணனிடம் இரவல் வாங்கியது. ஜப்பானியக் கேசட்டைச் செருகவும் அமெரிக்கக் கேசட்டைச் செருகவும் தனித்தனி வாய்கள் உண்டு. நம் ஊருக்கு வந்தவை ஜப்பானிய அளவிலான 60 முனைக் கேசட்டுகள். அதே வகையில் 2017-ல் வந்த ‘என்.டி. மினி’யின் விலை 449 டாலர். நிண்டெண்டோவின் பழைய சில்லுகள் எதுவும் இவற்றில் கிடையாது. அவற்றின் வேலையைச் செய்வது எஃப்.பி.ஜி.ஏ. என்ற ஒரு சில்லு.

இதை அக்காவுக்கு அவன் விளக்கிய விதம் எனக்குப் பிடித்தது. “கம்ப்யூட்டர்ல எமுலேட்டர்னு ஒண்ணு ஓடும்மா. அது மீட்டிங்ல தமிழ்ப் பேச்சை வாக்கியம் வாக்கியமா தெலுங்குல சொல்றவர் மாதிரி. கேட்டு, புரிஞ்சு, அப்புறம் சொல்வார். இது அப்படி இல்ல. சித்தூர்க்காரங்க தெலுங்கு பேசற மாதிரி. மொழிபெயர்ப்பே கிடையாது.”

எஃப்.பி.ஜி.ஏ.வுக்குள் ஆயிரக்கணக்கான சிறு தர்க்க உறுப்புகள் ஒன்றோடொன்று இணையாமல் காத்திருக்கும். எதை எதனுடன் இணைப்பது என்று ஒரு கோப்பு சொல்லும். இணைந்ததும் அந்தச் சில்லே இன்னொரு சில்லின் சர்க்யூட்டாக ஆகிவிடும். மின்சாரம் நின்றால் மறந்துவிடும். முதல் எஃப்.பி.ஜி.ஏ.வை ஸைலிங்க்ஸ் நிறுவனம் 1985-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் இருந்தவை 64 தர்க்கக் கட்டங்கள் மட்டுமே. இன்று ஒரு முழு விளையாட்டுப் பெட்டி அதற்குள் அடங்கிவிடுகிறது.

இதற்காக அந்தக் கோப்பு தானாகவே சத்தியமாகிவிடாது. எழுதியவருக்குப் பழைய சில்லு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான் அது. கெவின் ஹார்ட்டன் போன்றவர்கள் பழைய பெட்டிகளை வருடக்கணக்கில் அளந்து, சோதித்து, துடிப்புத் துடிப்பாகப் புரிந்துகொண்டு எழுதினார்கள். நிண்டெண்டோ பெட்டியின் மூளைக்கு மூலமான 6502 சில்லை, மேலுறையை நீக்கிப் புகைப்படம் எடுத்து, அதன் மூவாயிரத்து ஐந்நூறு சொச்சம் டிரான்சிஸ்டர்களையும் 2010 வாக்கில் கம்ப்யூட்டரில் வரைந்தே காட்டினார்கள் வேறு சில ஆர்வலர்கள். நன்றாக எழுதப்பட்ட எமுலேட்டர், அரைகுறையாக எழுதப்பட்ட எஃப்.பி.ஜி.ஏ. கோப்பைத் தோற்கடிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேசட்டைச் செருகினோம். முதல் தடவை வெறும் சாம்பல் திரை. எடுத்து வாயால் ஊதப் போனேன். மருமகன் தடுத்தான். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு முனைகள் கறுக்குமாம். அன்று ஊதியதால் வேலை செய்தது என்று நினைத்தோம். மறுபடி செருகியதால்தான் வேலை செய்திருக்கிறது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைத்தான். கறுப்பு வந்தது. செருகினான். மரியோ வந்துவிட்டார்.

நாற்பது கிலோபைட்டுக்குள் அடங்கிய 1985-ஆம் வருட விளையாட்டு, சுவரில் மாட்டிய பெரிய டி.வி.யில் கண்ணைப் பறித்தது. அக்கா கட்டுப்பாட்டுக் கருவியை வாங்கி இரண்டு நிமிடம் ஆடினாள். முதல் பள்ளத்திலேயே விழுந்தாள். மறுபடியும் விழுந்தாள். பிறகு சொன்னாள்: “என்னடா இது, இவ்வளவு வேகமா ஓடறான்? பாட்டு கூட நம்ம பாட்டு மாதிரி இல்லையே.”

வயதாகிவிட்டது என்று நான் சிரித்தேன். மருமகன் சிரிக்கவில்லை. ஸ்க்ரூடிரைவர் எடுத்துவந்து பழைய பெட்டியைத் திறந்தான். உள்ளே இருந்த சில்லில் யு.எம்.சி. என்று அச்சிட்டிருந்தது. தைவான் நிறுவனம்.

இங்கே கொஞ்சம் பழைய கதை வேண்டும். நிண்டெண்டோ தன் ‘ஃபேமிலி கம்ப்யூட்ட’ரை ஜப்பானில் வெளியிட்டது 1983 ஜூலையில். இந்தியாவில் அன்று வெளிநாட்டு விளையாட்டுப் பெட்டி என்பது வசதியானவர்கள் சமாசாரம். 1995-ல் ஷா வாலஸ் நிறுவனம் ஸேகாவின் மெகா டிரைவை இங்கே விற்க வந்தபோது அதன் விலை 18,000 ரூபாய். இறக்குமதி வரியே 80 சதவீதம். ஆகவே நம் வீடுகளுக்கு வந்தவை ‘சாமுராய்’, ‘லிட்டில் மாஸ்டர்’, ‘மீடியா’ போன்ற பெயர்களிலும், பெயரே இல்லாமலும் விற்ற பெட்டிகள். பெரும்பாலானவை ஃபேமிலி கம்ப்யூட்டரின் நகல்கள்.

நகல் என்றால் ஜெராக்ஸ் என்று நினைக்கக்கூடாது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டி.வி. திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட்டது. இந்தியா, ஐரோப்பா, ரஷ்யாவில் 50 முறை. நிண்டெண்டோ தன் ஐரோப்பியப் பெட்டிக்காக மூளைச் சில்லின் வேகத்தையே 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66-க்குக் குறைத்தது. விளைவு, இசையின் சுருதியே இறங்கியது. விளையாட்டுகளைத் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது. தைவான்காரர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஜப்பானியக் கேசட்டு அப்படியே ஓடியாக வேண்டும். அவர்கள் மூளையின் வேகத்தைக் கிட்டத்தட்ட அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு படத்தையும் வரைந்து முடித்த பிறகு இன்னும் 50 வரிகளுக்கான நேரம் சில்லைச் சும்மா காத்திருக்க வைத்தார்கள். அசல் சில்லை முழுக்கப் புரிந்துகொள்ளாதவனால் இதைச் செய்திருக்க முடியாது. நகலெடுத்தவன் அந்த இடத்தில் எஞ்சினியர் ஆகிவிட்டான்.

அதன் பலன்: சுருதி மாறவில்லை. தாளம் மட்டும் ஆறில் ஒரு பங்கு தளர்ந்தது. நாம் கேட்டு வளர்ந்த மரியோ பாட்டு விளம்ப காலத்தில் பாடிய பாட்டு. நாம் தாண்டிய பள்ளங்கள் கொஞ்சம் நிதானமான பள்ளங்கள். அக்காவின் காது முப்பது வருடம் கழித்தும் அதைக் கண்டுபிடித்துவிட்டது. விரல்களும்தான்.

மருமகன் பையிலிருந்து இன்னொரு சர்க்யூட் பலகையை எடுத்தான். அதுவும் எஃப்.பி.ஜி.ஏ.தான். ‘மிஸ்டர்’ என்ற திட்டம். 2017-ல் அலெக்ஸி மெல்னிகோவ் தொடங்கியது. எவரும் பார்க்கலாம், திருத்தலாம் என்று கோப்புகளைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். இதில் கேசட்டைச் செருக வாய் கிடையாது. கேசட்டைப் படித்துக் கோப்பாக்கும் சிறு கருவி தனியாக வேண்டும். மரியோவைப் படித்து ஏற்றினான். பட்டியலைத் திறந்தான். டி.வி. முறை என்ற இடத்தில் மூன்று தேர்வுகள்: என்.டி.எஸ்.சி., பால், டெண்டி.

டெண்டி என்பது ரஷ்யாவில் ஸ்டீப்ளர் என்ற நிறுவனம் 1992 டிசம்பரில் விற்கத் தொடங்கிய நகல் பெட்டி. சோவியத் யூனியன் கலைந்த மறு வருடம். அந்நாட்டுக் குழந்தைகளுக்கும் நிண்டெண்டோ தெரியாது, டெண்டிதான் தெரியும். அவர்கள் வளர்ந்து, தங்கள் பெட்டியின் சில்லை அளந்து, அது பழுதான நகல் அல்ல, தனி ரகம் என்று பதிவு செய்தார்கள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

மருமகன் டெண்டியைத் தேர்ந்தெடுத்தான். பாட்டு தளர்ந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. கட்டுப்பாட்டுக் கருவியை மட்டும் கேட்டு வாங்கினாள். அடுத்த அரை மணி நேரம் அடுப்பில் குழம்பு என்ன ஆயிற்று என்று யாருக்கும் கவலையில்லை.

எல்லாம் மீண்டு வந்துவிடவில்லை. ‘150 இன் 1’ என்று எழுதியிருந்த கேசட்டு ஏ.வி.எஸ்.ஸில் ஓடியது, மிஸ்டரில் ஓடவில்லை. காரணம் எளியது. பல விளையாட்டுகளை மாற்றி மாற்றி எடுத்துத் தர அந்தக் கேசட்டுக்குள் ஒரு தனிச் சில்லு உண்டு. கேசட்டையே செருகினால் அந்தச் சில்லு தன் வேலையைத் தானே செய்துகொள்ளும். படித்துக் கோப்பாக்கினால் அந்தச் சில்லின் தர்க்கத்தையும் யாராவது எழுதியிருக்க வேண்டும். வாத்துச் சுடும் துப்பாக்கியோ எதிலும் வேலை செய்யவில்லை. பழைய குழாய் டி.வி.யில் வெளிச்சம் எந்தக் கணத்தில் திரையில் தோன்றும் என்பதை நம்பிச் செய்த துப்பாக்கி அது. தட்டை டி.வி. அந்தக் கணத்தைத் தவறவிடுகிறது. சில்லை எவ்வளவு சரியாகத் திரும்பச் செய்தாலும் வாத்து விழாது.

இதில் திருட்டு எங்கே என்று கேட்பவர்களுக்கு: காப்புரிமையின் ஆயுள் 20 வருடம். 1983-ல் வந்த பெட்டியின் சர்க்யூட்டை இன்று திரும்பச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. விளையாட்டு வேறு விஷயம். அது பதிப்புரிமைக்கு உட்பட்டது. சட்டப்படி வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் பாதுகாப்பாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ள நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. சங்கடம் என்னவென்றால், அக்காவின் பிஸ்கட் டின்னில் இருந்த கேசட்டுகள் ஏழுமே அசல் அல்ல. நம் பால்யத்தின் சாட்சிகள் எல்லாம் பர்மா பஜார் சாட்சிகள். எந்த நிறுவனமும் அவற்றைச் சொந்தம் கொண்டாடிப் பாதுகாக்கப் போவதில்லை.

சொந்தம் கொண்டாட ஆளிருக்கும் இடத்திலேயே நிலைமை மோசம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் கணக்கிட்டது. சித்தூரிலும் வேலூரிலும் கடைக்காரர்கள் வாடகைக்கு விட்ட கேசட்டுகளுக்கு யார் கணக்கெடுப்பது? அவை காயலான் கடைக்குப் போகின்றன.

இதைச் செய்யத் தகுதியான ஊர் இருக்கிறது என்றால் அது இந்தச் சுற்றுவட்டாரம்தான். ஸ்ரீசிட்டியில் ஃபாக்ஸ்கான் 2015-ல் செல்போன் செய்யத் தொடங்கியது. திருப்பதியில் டிக்ஸன் ஆலையில் 2018 முதல் ஷியோமி டி.வி.கள் உருவாயின. ஐ.ஐ.டி. இருக்கிறது, ஸ்ரீசிட்டியில் ஐ.ஐ.ஐ.டி. இருக்கிறது. எஃப்.பி.ஜி.ஏ. எந்த எலெக்ட்ரானிக்ஸ் மாணவனுக்கும் பரிசோதனைக்கூடத்துப் பாடம். பெரும்பாலும் போக்குவரத்து விளக்கு எரியவைத்து மதிப்பெண் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டத் தெரிவது பிழைப்புக்கு நல்லது. ஆனால் பூட்டத் தெரிவதற்கும் புரிந்துகொள்வதற்கும் நடுவே ஒரு தூரம் இருக்கிறது. அந்தத் தைவான் எஞ்சினியர்கள் 50 வரி நேரத்தில் கடந்த தூரம் அது. ஒரு பழைய கேசட்டின் பெயர் தெரியாத சில்லைப் புரிந்துகொண்டு திரும்ப எழுதுவது அதைக் கடக்க மலிவான வழி. தப்பானால் நஷ்டம் ஒன்றுமில்லை, மரியோ பள்ளத்தில் விழுவார்.

மருமகன் இப்போது அந்த ‘150 இன் 1’ஐத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். உள்ளே சில்லுக்குப் பதில் கறுப்புப் பிசின் பொட்டு ஒன்று. எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. எந்த முனையில் என்ன வருகிறது என்று ஒவ்வொன்றாக அளந்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்கிறான். தேர்வு நேரத்தில் இது தேவையா என்று அக்கா கேட்கவில்லை. மற்ற ஆறு கேசட்டுகளும் பரணுக்குத் திரும்பவில்லை. டி.வி.க்குக் கீழே, அதே பிஸ்கட் டின்னில் இருக்கின்றன.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டின் இருக்கும். காயலான் கடைக்காரர் வருவதற்கு முன் ஒரு முறை திறந்து பாருங்கள்.