கேள்வியை மாற்றிக்கொள்ளும் உரிமை

மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆட்சிக்குழுத் துணைத் தலைவர்களுள் தாங்களும் ஒருவர் என்பதால் இம்மடல் தங்களுக்கு. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த அந்த அமைப்புக்கு ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. அதில் ஏறத்தாழ 36,000 கோடி தொழில்துறை, கொடையாளர் போன்ற அரசு சாரா வழிகளில் வர வேண்டும். பணம் தருகிறவர்கள் ஆய்வுப் பொருளையும் சேர்த்தே சொல்வார்கள். மின்வாகனம், செயற்கை நுண்ணறிவு என்று அவர்கள் கேட்பதில் குறை காண ஒன்றுமில்லை. அரசின் பங்கும் அதே பட்டியலின் பின்னால் போய்விடுமோ என்பதுதான் என் கவலை. பொருள் வரையறுக்காத நிதித் திட்டங்களும் அறக்கட்டளையில் உண்டு. அவற்றுக்கு எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என்பதே கேள்வி.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தை எடுத்துக்கொள்வோம். 1909இல் தொடங்கிய அந்த வளாகத்தில் என்னென்ன துறைகள் உள்ளன என்று அடுக்குவது எளிது. எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையும் அதைச் செய்யும். கவனிக்க வேண்டியது வேறொன்று. அங்கே பெயர் பெற்ற பேராசிரியர்கள் பலர், தாம் பயின்ற துறையை விட்டு வெளியே நடந்தவர்கள். ஜி.என். ராமச்சந்திரன் சி.வி. ராமனிடம் இயற்பியல் பயின்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது புரதங்களின் வடிவத்துக்குப் போனார். அங்கே 1963இல் சசிசேகரன், ராமகிருஷ்ணன் ஆகியோருடன் அவர் வெளியிட்ட வரைபடத்தைக் கொண்டுதான் இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகள் சரிபார்க்கப்படுகின்றன. கொரோனா வைரஸின் புரதங்களும் அந்தச் சோதனைக்கு விலக்கல்ல. பின்பு பெங்களூருக்கு வந்து மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவை நிறுவினார். 1971இல் லட்சுமிநாராயணனோடு அவர் எழுதிய கட்டுரை, ஊடுகதிர்ப் படங்களிலிருந்து ஒரு பொருளின் உள்வடிவத்தைக் கணக்கிட்டு மீட்க, அதுவரை இருந்ததைவிட எளிய வழியைக் காட்டியது. சி.டி. ஸ்கேன் கணக்கீட்டில் இருவர் பெயராலும் ‘ராம்-லாக்’ வடிகட்டி என்று ஒன்று இன்றும் வழங்குகிறது. இயற்பியலுக்குத் தந்த நிதியில் புரதம் எதற்கு, புரதத்துக்குத் தந்ததில் படக்கணக்கு எதற்கு என்று யாராவது கணக்குக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அவர் மேதை, அவரை வைத்து விதி வகுக்கலாமா என்று கேட்கலாம். அப்படியானால் இன்னும் இருவரைப் பாருங்கள். அமுல்ய ரெட்டி மின்வேதியியல் பேராசிரியர். அத்துறையில் உலகம் முழுதும் படிக்கப்பட்ட பாடநூலின் ஆசிரியர்களுள் ஒருவர். 1974இல் அதே வளாகத்தில் ‘அஸ்திரா’ என்ற ஊரகத் தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கி, விறகடுப்பு, சாண எரிவாயு, மண் கட்டடம் என்று போனார். அங்கேயே பேராசிரியராக இருந்த சுலோசனா காட்கில் கணிதம் பயின்று வந்தவர். 1980இல் வானிலை ஆய்வாளர் சிக்காவுடன் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, பருவமழை மேகப்பட்டை இந்தியப் பெருங்கடலிலிருந்து வடக்கே நகரும் விதத்தைக் காட்டினார். பிற்பாடு அனந்தபூர் பகுதி நிலக்கடலையை எப்போது விதைத்தால் இழப்பு குறையும் என்ற ஆய்வுக்கும் வந்தார். ஏழை நாட்டில் பயன்படும் ஆய்வுக்கே பணம் என்பவர்களுக்கு இந்த இருவருமே பதில். அடுப்பையும் நிலக்கடலையையும் எந்தப் பட்டியலும் அவர்களிடம் தரவில்லை. அவர்களே தேடிப்போனார்கள்.

இலக்கு வைத்த திட்டங்கள்தானே ராக்கெட் தந்தன என்பது வலுவான வாதம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் 1972இல் விண்வெளித் துறையின் தலைமையை ஏற்ற சதீஷ் தவான், அதே கழகத்தின் இயக்குநராகவும் தொடர்ந்தவர். அவரது துறை திரவ இயக்கவியல். அங்கே வானூர்திப் பொறியியல் துறை தொடங்கிய 1942இல் இந்தியாவுக்குச் செயற்கைக்கோள் எண்ணமே இல்லை. இலக்கு வைத்தவர்கள் எடுத்துச் செலவிட்டது, இலக்கில்லாமல் முன்பே சேர்த்துவைத்த அறிவை.

இன்னொரு எதிர்ப்பு உண்டு, எனக்கே அதில் பாதி உடன்பாடு: சுதந்திரம் என்ற பெயரில் யாரும் படிக்காத கட்டுரைகள் பெருகுகின்றன. உண்மைதான். ஆனால் அந்தப் பெருக்கத்துக்குப் பதவி உயர்வுக்காகக் கட்டுரைகளை எண்ணும் வழக்கமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். பட்டியலில் உள்ள பொருளிலும் அதே பயனற்ற கட்டுரைகளை எழுத முடியும். சொல்லப்போனால், போட்டி நிறைந்த, பரபரப்பான பொருள்களில் இன்னும் எளிது. மதிப்பிட வேண்டியது ஆய்வாளரை, அவர் எடுத்த பொருளை அல்ல.

எனவே கேட்பது மூன்று. அறக்கட்டளைக்கு அரசு தரும் தொகையில் ஒரு நிலையான பங்கை, விகிதத்தை வெளிப்படையாக அறிவித்து, பேராசிரியர் தாமே தேர்ந்த கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். நிதிக் காலத்தின் நடுவே ஆய்வின் திசை மாறினால், காரணம் கூறும் ஒரு குறிப்பு போதும் என்று விதி செய்யுங்கள். புது விண்ணப்பம் வேண்டாம். மூன்றாவது, நீண்ட காலப் பதிவுகளுக்குத் தனி ஏற்பாடு. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988இல் அளந்து வைத்த 50 ஹெக்டேர் காட்டில், ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு வளர்ச்சியும் சாவும் குறிக்கப்படுகின்றன. அந்தப் பதிவேட்டில் ஓராண்டு விடுபட்டால், அடுத்த ஆண்டு எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதை நிரப்ப முடியாது.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்