தப்பு ஏறாத மேடை

மாவனல்லைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளில் கலைவிழா என்றால், 6ஆம் வகுப்பு முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளின் நடனமே பிரதானம். பரதமும் உண்டு, பெரும்பாலானவை சினிமாப் பாட்டுக்கு ஆடுபவையே. அதை நான் குறைகூறேன், கூச்சம் தெளிகிறதல்லவா! ஆயினும், இப்பிள்ளைகளின் பாட்டன்மார் மாசி மாதத்திலே காமன் பொட்டலில் தப்பு முழங்க, ரதியாகவும் மன்மதனாகவும் சிவனாகவும் விடிய விடிய ஆடியவர்கள். சப்ரகமுவச் சிங்கள நடனத்துக்குரிய தவுல் மேடையில் மரியாதை பெறும் மாகாணம் இது. நமது தப்பு மட்டும் சாவு வீட்டுக்குரியதென்று மண்டப வாசலிலேயே நிறுத்தப்படுகிறது.

“காமன் கூத்திலே உன் தாத்தா என்ன வேடம் கட்டினார்?” என்று ஒரு மாணவனைக் கேட்டேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “ரதி, சேர்.”