தாமதமும் ஒரு மறுப்பே!

‘உனக்கு இடமில்லை’ என்று எழுத்தில் அறிவித்தால் அதனை எதிர்த்து வழக்காடலாம். ஒன்றும் சொல்லாமலே ஆண்டுகளைக் கடத்தினால் எவ்வாறு வழக்காடுவது? விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பயிற்சியை நாடிக் காத்திருக்கும் இளைஞர் முன் நிற்கும் வினா இதுவே.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரச சேவைக்கான புதிய ஆட்சேர்ப்பு இடைநிறுத்தப்பட்டது. அனுபவமிக்க கட்டுப்பாட்டாளர் பலர் கடல்கடந்தனர். ஆட்பற்றாக்குறையின் ஆபத்தை 2023இல் அவர்களது சங்கமே பகிரங்கமாக எடுத்துரைத்தது. ஆளுக்கோ தேவை; வேலைக்கோ இளைஞர் ஆயத்தம். இடையில் நிற்பது எது? அலுவலக மேசைகளில் உறங்கும் கோப்புகளே!

கட்டுப்பாட்டாளர் ஒரே நாளில் உருவாவதில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி உரிமம் பெற 21 வயது நிறைந்திருக்க வேண்டும்; மருத்துவப் பரிசோதனையில் தேற வேண்டும்; ஆங்கிலத்தில் நான்காம் நிலைத் திறமையேனும் வேண்டும். வகுப்பறைக் கல்வி முடிந்தபின், உரிமம் பெற்றவரின் கண்காணிப்பில் மெய்யான விமானங்களை வழிநடத்திப் பழகவும் வேண்டும். ஆவணி, புரட்டாதியில் விதைக்காதவன் தையில் அரிவி வெட்ட முடியுமா? இதனை நம் கமக்காரருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. கொழும்பில் சொல்லவேண்டியிருக்கிறது!

‘பணமில்லை’ என்பர் சிலர். நமது வான்பரப்பினூடே செல்லும் பிறநாட்டு விமானங்களிடம் அந்நியச் செலாவணியாகக் கட்டணம் அறவிடப்படுகிறது. அவற்றை வழிநடத்துபவரே இக்கட்டுப்பாட்டாளர். வருவாய் ஈட்டும் கையை வெட்டிச் சிக்கனம் பேசுவது என்ன பொருளாதாரமோ!

வயதெல்லையைப் பாருங்கள். அமெரிக்காவில் இப்பயிற்சிக்கு 31 வயதுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும். அது கடுமையான விதியாயினும் யாவரும் அறிந்த விதி. வயதுக்கு எல்லை வகுத்து, அழைப்பு வரும் நாளை மட்டும் மறைத்து வைத்தால், தகுதியுடையவனைத் தகுதியற்றவனாக்குவது காலமன்று. அந்நாளைக் குறிக்க மறுத்த அதிகாரியே.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தை உறுதிசெய்கிறது. அரச சேவையிற் சேர்வதற்கான பரீட்சையைத் தமிழில் எழுதும் உரிமையை 22ஆம் உறுப்புரை அளிக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. மறுப்புக் கடிதமே வராதவன் அந்த ஒரு மாதத்தை எந்நாளிலிருந்து எண்ணுவான்?

தாமதம் உரிமையை எவ்வாறு விழுங்கும் என்பதற்குக் கோடீஸ்வரன் வழக்கே சான்று. சிங்களப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த அவருக்கு 1962இல் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. 1964இல் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. 1969இல் இலண்டன் கோமறைக் கழகம், அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்காடலாம் எனத் தீர்த்தது. ஆனால் 1956இன் மொழிச்சட்டம் செல்லுமா என்ற மூலவினாவுக்கு விடை பிறக்கவேயில்லை. அதற்குள் 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வந்துவிட்டது!

தாமதம் சிங்கள இளைஞனையும் வாட்டுகிறது, மறுக்கவில்லை. ஆயினும் நமக்கு வேறொரு கணக்குமுண்டு. 1947 டிசம்பர் 10இல் எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து நமது மண்ணில் இறங்கியே சென்னை சென்றது. 1990இல் வலிகாமம் வடக்கின் மக்கள் தம் செம்மண் தோட்டங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2019 ஒக்டோபர் 17இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. நிலமிழந்தவனின் மகனுக்கு அவ்வானத்தை ஆளும் தொழிலில் பங்கு கேட்பது பிச்சையன்று, உரிமை.

ஆதலால் கேட்கிறோம்: ஆண்டுதோறும் வெற்றிடங்களையும் ஆட்சேர்ப்பு நாட்காட்டியையும் மும்மொழியிலும் வெளியிடுக. அரசின் தாமதத்தால் கடந்த வயதை விண்ணப்பதாரியின் கணக்கில் எழுதாதீர். மாவட்டவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் தெரிவாயினர் என்பதைப் பகிரங்கப்படுத்துக.

இளைஞர்களே! 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. வெற்றிடம் எத்தனை, கோப்பு எந்த மேசையில் என எழுதிக் கேளுங்கள். நூறு விண்ணப்பங்கள் செல்லட்டும். மௌனம் சாதிப்பவரை எழுத்தில் பேசவைப்போம். எழுத்து வந்தால் அதனை நீதிமன்றத்திற் சந்திப்போம்!