காவிரியின் பெருமீனும் விடுமுறைத் தூண்டிலும்



கோடை விடுமுறை வந்துவிட்டால் நம்மில் அநேகர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கனகபுரா சாலை வழியாகச் சங்கமத்துக்கும் மேகேதாட்டுக்கும் புறப்பட்டுவிடுகிறோம். சோற்றுப் பொட்டலத்தோடு ஒரு தூண்டிற்கோலும் வண்டியில் ஏறிவிடுகிறது. தூண்டில் போடுவதைக் குற்றமென்று நான் சொல்ல வரவில்லை. அந்த நீரில் குடியிருப்பது எது என்பதை அறிந்துகொண்டு போங்கள் என்றே கேட்கிறேன்.

காவிரியில் மகசீர் என்னும் பெருமீன் உண்டு. கன்னடர் இதைப் பிளி மீன் என்பார்கள். நம் வீட்டுக் குழம்பில் வேகும் கெண்டைக்கு உறவுதான். ஆனால் முதுகில் திமில் போன்ற மேடு, ஆரஞ்சு நிறத் துடுப்புகள். மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் 1946-ல் காவிரியின் கிளையான கபினியில் பிடித்தது 120 பவுண்டு, ஏறக்குறைய 54 கிலோ! அந்தப் பாரத்தைத் தூண்டிலில் தாங்கிய மனிதரின் தோள்களை எண்ணிப் பாருங்கள்.

பின்னாட்களில் பீமேஸ்வரியிலும் காலிபோரிலும் தூண்டில் முகாம்கள் நடந்தன. இரையாக ராகி மாவை வேகவைத்து இறுக உருட்டிக் கோத்தார்கள். பிடித்த மீனை நிறுத்து, எழுதிவைத்து, மறுபடியும் ஆற்றில் விட்டுவிடுவது அங்கே சட்டம். முன்பு திருட்டுத்தனமாய் மீன்பிடித்தவர்களில் சிலர் அங்கே வழிகாட்டிகளாகிக் கூலி பெற்றார்கள்.

அந்த நோட்டுப் புத்தகங்களே பிற்காலத்தில் சாட்சியாயின. காலிபோரில் 1998 முதல் 2012 வரை பதிவான 6,161 மீன்களின் கணக்கை ஆராய்ச்சியாளர் ஆராய்ந்தனர். மகசீர் பெருகியிருந்தது, ஆனால் பெருகியது நீலத்துடுப்பு மகசீர். அது குஞ்சுப் பண்ணையில் வளர்த்து, நல்லெண்ணத்தோடு ஆற்றில் விடப்பட்ட வேற்றினம். காவிரிக்கே உரிய திமில் மகசீரோ அருகிக்கொண்டே வந்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் புகழ்பெற்றிருந்த இம்மீனின் சரியான அறிவியல் பெயர், டார் ரேமாதேவி, 2018-ல்தான் உறுதியாயிற்று. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்ததும் ஆபத்து அறிவிக்கப்பட்டதும் ஒன்றாகவே நிகழ்ந்தன.

காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் தூண்டில் போடுதல் 2012-ல் நிறுத்தப்பட்டது. சட்டத்துக்கு நாம் கீழ்ப்படிய வேண்டும்; அதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. எனினும், நாள்தோறும் கரையில் நின்று காவல் காத்த கண்கள் அகன்றபோது வெடிவைத்து மீன்பிடிப்போருக்கு வசதியாயிற்று என்று ஆராய்ச்சியாளர் சிலர் சொல்வதையும் தள்ளிவிட முடியவில்லை. ஒரு வெடி, ஒரு மடுவிலுள்ள குஞ்சு முதல் கிழம் வரை எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

வாலிபர் சிலர் ஈத்தூண்டிலைப் பற்றிக் கேட்கிறீர்கள். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-ல் டிரவுட் குஞ்சுப் பண்ணை ஏற்பட்டதும், வெள்ளையர் அம்மலை ஓடைகளில் இந்த முறையைக் கையாண்டார்கள். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நரம்பை இழுத்துச் செல்லும். இறகாலும் மயிராலும் கட்டிய செயற்கை ஈக்கோ பாரமில்லை; தடித்த நரம்பின் பாரமே அதைச் சுமந்து போகிறது. ஆகையால் கோலைப் பின்னே வீசியதும், நரம்பு முழுவதும் பின்னால் நீளும்வரை ஒரு கணம் பொறுத்து, அதன்பின் முன்னே வீச வேண்டும். பொறுக்காதவர் தம் சட்டைக் காலரையே பிடிப்பார்! தொப்பியும் கண்ணாடியும் அவசியம்.

எதிர்முள் இல்லாத ஒற்றை முள்ளையே கட்டுங்கள். மீனைத் தொடுமுன் கைகளை நனையுங்கள். உலர்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். நீரிலிருந்து தூக்காமல் முள்ளைக் கழற்றி, தலை நீரோட்டத்தை நோக்கியிருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள். பலம் வந்ததும் அதுவே போய்விடும்.

சங்கமத்தில் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். மைசூர் சாலையை ஒட்டி ஓடும் விருஷபாவதி நம் நகரத்தின் கழிவோடு அர்க்காவதியில் கலந்து, அங்கேதான் காவிரியைச் சேர்கிறது. நாம் குடிப்பதும் காவிரி. நாம் கழித்த நீரைத் திருப்பி அனுப்புவதும் அதற்கே.

மேகேதாட்டில் பாறை வழுக்கும், சுழலும் ஆழமும் மேலே தெரியாது. பிள்ளைகளைக் கைப்பிடியிலிருந்து விடாதிருங்கள். சரணாலயத்துக்கு வெளியே தூண்டில் போட விரும்புகிறவர்கள், எந்தப் பகுதிக்கு உரிமம் உண்டு என்பதை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிந்து, அதன்பின் கோலை வண்டியில் ஏற்றுங்கள்.