எண்ணெய்க் கிணறும் அரியணையும்

தோழர்களே, நம் குடியிருப்புகளிலிருந்து வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் உண்டு. "சவூதியில் சம்பளத்துக்கு வரி கிடையாது" என்று அவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வரி கேட்காத அரசன் வள்ளல்தானா? நாம் யோசிக்க வேண்டும்.

1744-இல் திரிய்யா ஊரின் தலைவர் முகம்மது பின் சவூதும் மார்க்க அறிஞர் முகம்மது இப்னு அப்துல் வஹ்ஹாபும் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒருவர் கையில் வாள். மற்றவர் நாவில் மார்க்கத் தீர்ப்பு. அந்தச் சவூதின் வழியில் வந்த அப்துல் அஜீஸ் 1932-இல் இன்றைய முடியரசை நிறுவினார். அன்று கஜானாவுக்கு வருவாய் பெரும்பாலும் ஹஜ் பயணிகளால்தான். 1938-இல் தம்மாமில் எண்ணெய் கிடைத்தது, கதை மாறியது.

வரி கொடுப்பவன் கணக்குக் கேட்பான். எண்ணெய் விற்றுப் படிப்பும் மருத்துவமும் வேலையும் கொடுக்கும் அரசனிடம் யார் கணக்குக் கேட்பது? கேட்டவர்கள் உண்டு. அராம்கோ எண்ணெய்த் தொழிலாளர்கள் 1953-இலும் 1956-இலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1956-இலேயே அரசாணை போட்டு வேலைநிறுத்தத்தைத் தடை செய்தார்கள். இன்றுவரை அங்கே தொழிற்சங்கம் இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றமும் இல்லை.

1973-74இல் எண்ணெய் விலை நான்கு மடங்கானது, பணம் குவிந்தது. 1979-இல் மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஆயுதம் ஏந்தியவர்கள் பிடித்தபோது, உள்ளே படை அனுப்ப மன்னருக்கு உலமாக்களின் தீர்ப்பு தேவைப்பட்டது. பின்னர் உலமாக்களின் செல்வாக்கும் மார்க்கக் காவலரின் கெடுபிடியும் வளர்ந்தன. 2016-இல் அந்தக் காவலரின் கைது அதிகாரத்தை அதே அரசு பறித்தது. 2018-இல் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தது. அதைக் கேட்டுப் போராடிய பெண்கள் சிலர் அதே ஆண்டு சிறைக்குப் போனார்கள். கொடுப்பதும் அரண்மனை, எடுப்பதும் அரண்மனை. கேட்பது மட்டும் குற்றம்!

இதை மார்க்கத்தின் குறையாக நாம் சொல்லவில்லை. தொழுகிறவனின் நம்பிக்கை வேறு, அதை அரியணைக்கு முட்டுக் கொடுப்பது வேறு.

2018-இல் அங்கே பொருள்களுக்கு 5 சதவீத விற்பனை வரி வந்தது; 2020-இல் அது 15 ஆனது. கடையில் சாமான் வாங்கும் நம் பிள்ளைகளும் அதைக் கட்டுகிறார்கள். வரி வந்தது, வாக்குரிமை வரவில்லை. ஏன்? வரி கட்டினால் மட்டும் உரிமை வந்துவிடாது. சேர்ந்து கேட்கச் சங்கம் வேண்டும். அதன் கழுத்தைத்தான் அங்கே முதலில் நெரித்தார்கள்.

மாதச் சந்தா கொடுத்து, கூட்டத்தில் எழுந்து நின்று நாம் கணக்குக் கேட்கிறோமே, அந்த உரிமையின் விலையை அறிவோம். அதைக் கைவிடாதிருப்போம்.